பாலத்தில் இல்லாத செருப்பு

நான் சிற்பி. மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "எந்தக் கோயில்ல?" என்பதுதான். கோயில் எதுவும் இல்லை, சும்மா செய்கிறேன் என்றால், "ஓ, சும்மாவா" என்று ஒரு தலையாட்டல். அதில் இரக்கம் கொஞ்சம் இருக்கும். சாயாக்கடைக்கார அண்ணன், இங்கே அவரை இக்கா என்போம், அவர் மட்டும் என்னை மரியாதையாக ஆர்ட்டிஸ்ட் என்று கூப்பிடுவார். கடை ஷட்டரில் பெரிதாக ஒரு சாயா கிளாஸ் வரைந்து தரச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிறார். நான் வரைகிறவன் இல்லை இக்கா, செய்கிறவன் என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப செஞ்சு ஒட்டிக்கோ மோனே" என்கிறார்.

எங்கள் குடும்பம் இங்கே வந்து நாலு தலைமுறை ஆகிறது. அப்பா மிளகுக் கிடங்குகளுக்குக் கோணி தைத்தவர். வீட்டுக்குள் தமிழ், வாசற்படி தாண்டினால் மலையாளம். பள்ளியில் நான் படித்ததும் மலையாளம்தான். தமிழ் எழுத்து பிற்பாடு நானாகக் கூட்டிக் கூட்டிப் பழகியது. அதனால் இதில் பிழை இருந்தால் என் மேல் கோபப்பட வேண்டாம், திருத்தாமல் விட்டவர் மேல் கோபப்படுங்கள்.

இரண்டு வருடம் முன்பு, ஊரெல்லாம் கிடங்குகளைக் காலி செய்து கண்காட்சி வைக்கிற பருவத்தில், எனக்கும் ஓர் அறை கொடுத்தார்கள். பஜார் ரோட்டில், ஒரு காலத்தில் சுக்கு அடுக்கி வைத்திருந்த அறை. உள்ளே போனால் இன்றும் தும்மல் வரும். பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததை என் கலையின் வெற்றி என்று நான் முதல் நாள் நம்பினேன்.

நான் செய்ய நினைத்த வேலை சுலபமானது. எங்கள் சந்தில் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்க வேண்டும். அது ஜோடி தொலைந்த பொருளாக இருக்க வேண்டும். மூடி போன மிக்ஸி ஜார், குழவி இல்லாத அம்மி, ஒற்றைத் தோடு, இப்படி. காணாமல் போன பாதியை நான் சிமெண்டில் செய்து பக்கத்தில் வைப்பேன். அசல் ஒன்று, இல்லாதது ஒன்று. நடத்துகிறவர்கள் சுவரில் நினைவு, அடையாளம் என்றெல்லாம் பெரிதாக எழுதி ஒட்டினார்கள். நானாக இருந்தால் 'தொலைஞ்சது' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

பொருள் கேட்டு வீடு வீடாகப் போனபோது என்னை ஆக்ரிக்காரனாகவே நடத்தினார்கள். இங்கே பழைய சாமான் எடுப்பவனுக்கு அதுதான் பெயர். எதிர்வீட்டு அத்தை ஓர் ஓட்டை வாளியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இதுல என்ன அத்தை தொலைஞ்சிருக்கு?"

"அடி தொலைஞ்சிருக்குடா. கண்ணு தெரியல்லியா?"

வாளிக்குச் சிமெண்டில் அடி செய்தேன். இக்கா ஒரு சாசரைக் கொடுத்து, "கப்பை நீ செய். ஆனா அதுல சாயா ஊத்த முடியணும், கேட்டோ" என்றார். அதையும் செய்தேன்.

அக்காவிடம் மட்டும் நான் கேட்கவில்லை.

அக்கா எங்கள் சந்திலேயே, மூன்று வீடு தள்ளி இருக்கிறாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். குழந்தை இல்லை. வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைக்கிறாள். அத்தான் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டியவர். என்னை 'அளியா' என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் மச்சானுக்கு அதுதான் பெயர். பேச்சு குறைவு. என் சிற்பங்களைப் பார்த்து அவர் சொன்ன ஒரே கருத்து, "அளியா, இது நேராத்தான் நிக்கணுமா?" என்பது.

கண்காட்சிக்கு ஐந்து வருடம் முன்பு ஒரு காலையில் சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் வழக்கம்போல வண்டி ஏற்றுகிற ஜங்கார் படகில் ஏறி வைப்பின் கரைக்குப் போனார். வேலைக்குப் போய்ச் சேரவில்லை. மத்தியானம் ஸ்கூட்டர் வல்லார்பாடம் பாலத்தில் ஓரமாக நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் தொங்கியது. சாவி வண்டியிலேயே இருந்தது. சாப்பாட்டுப் பாத்திரம் காலி. ஆளைக் காணவில்லை. போலீஸ் படகு விட்டுத் தேடியது. வலைக்காரர்களும் இரண்டு நாள் தேடினார்கள். காயல் கடலில் சேருகிற அழிமுகம் அங்கிருந்து பக்கம். வேலியிறக்கத்தில், தண்ணீர் வடிகிற நேரத்தில், எது விழுந்தாலும் நேராகக் கடலுக்குப் போய்விடும் என்று அவர்களில் ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

காரணம் என்ன என்று எல்லாரும் தோண்டினார்கள். குடி இல்லை, சண்டை இல்லை, வியாதி இல்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று காலை தேங்காய்ச் சட்னியில் உப்பு கம்மி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான். சாகப்போகிறவன் உப்பைப் பற்றிப் பேசுவானா என்று அக்கா போலீஸ்காரரைக் கேட்டாள். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆனால் அக்காவின் பெரிய சாட்சி உப்பு இல்லை, செருப்பு. ஸ்டேஷனில், வீட்டில், துக்கம் விசாரிக்க வந்து எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நின்றவர்களிடம், எல்லாரிடமும் அவள் சொன்னது ஒன்றுதான்.

"குதிக்கிறவங்க செருப்பைக் கழட்டி வெச்சிட்டுத்தான் குதிப்பாங்க. நம்ம ஊர்ல எத்தனை பார்த்திருக்கோம். பாலத்துல செருப்பு இருந்துச்சா? இல்லை அல்லே? அப்ப அவர் செருப்பு போட்டு நடந்து போயிருக்கார். எங்கயோ போயிருக்கார். வருவார்."

அவள் சொன்னது பொய் இல்லை. காயல் ஓரத்தில் ஜோடியாக அடுக்கி வைத்த செருப்பைக் கண்டால் இங்கே கேள்வி கேட்காமல் படகுக்காரரைக் கூப்பிடுவார்கள். அது என்ன பழக்கம், தண்ணீருக்கு என்ன மரியாதை என்று எனக்குத் தெரியாது. அப்படித்தான் நடக்கிறது.

ஆகவே அத்தான் எங்கள் சந்தில் சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை. அக்கா தாலியோடும் குங்குமத்தோடும் இருந்தாள். அத்தானின் ஃபோன் நம்பருக்கு வேறு சிம் வாங்கிப் பழைய ஃபோனில் போட்டு, நம்பர் வேறு யாருக்கும் போய்விடாமல் வைத்திருந்தாள். விசேஷ வீடுகளில் குங்குமத் தட்டு அவள் முன்னால் வரும்போது ஒரு கண நேரம் தயங்கும். பிறகு நீளும். அந்த ஒரு கண நேரத்தை அவள் ஐந்து வருடமும் கண்டுகொள்ளாமல் இருந்தாள். நான் வாரத்துக்கு இரண்டு தடவை அவள் வீட்டில் உட்கார்ந்து செருப்புக் கதையைக் கேட்பேன். "ஆமாக்கா" என்பேன். பிறகு ஏதாவது ஜோக் சொல்வேன். ஜோக் சொல்வதற்கென்று ஒரு தம்பி இருந்தால் இந்த வேலைதான் கிடைக்கும்.

நான் கேட்காமலேயே ஒரு நாள் ஹெல்மெட்டோடு அக்கா என் பட்டறைக்கு வந்தாள். கறுப்பு ஹெல்மெட். பின்னால் ஓர் அம்மன் ஸ்டிக்கர், பாதி உரிந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்.

"எல்லார்கிட்டயும் கேட்டே, என்கிட்ட கேக்கல்லியே?"

"உங்கிட்ட கேக்க எனக்குப் பேடிக்கா, பயம்."

"இதை வை. வெளியூர்லேர்ந்து எவ்வளவு ஆள் வர்றாங்க. பம்பாய், டெல்லி, வெளிநாடு. இந்த ஹெல்மெட் போட்ட ஆளை எங்கயோ பார்த்தேன்னு ஒருத்தராவது சொல்லக்கூடாதா?"

"ஹெல்மெட்டைத்தான் விட்டுட்டுப் போயிட்டாரே அக்கா. அதைப் போட்டு யாரும் பார்த்திருக்க முடியாதே."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "அப்ப கீழ ஒரு ஃபோட்டோ வை. அவர் நம்பரும் எழுது."

"அவர் நம்பரா?"

"அது எங்கிட்டத்தானே இருக்கு. அவரைப் பார்த்தவங்க அவர் நம்பருக்கே கூப்பிடட்டும்."

எனக்குக் கலைஞன் வீராப்பு வந்துவிட்டது. "கலைப்பொருளுக்குக் கீழ ஃபோன் நம்பர் போட்டா நல்லா இருக்காதுக்கா" என்றேன். இன்றைக்கு இதை எழுதும்போது கை கூசுகிறது. அக்கா ஹெல்மெட்டை மேஜையில் வைத்து, கண்ணாடியை முந்தானையால் துடைத்தாள். "உள்ள துடைச்சிடாதே. அவர் எண்ணெய் வாசம் இருக்கு. முடிஞ்சதும் திருப்பித் தரணும். அவருக்கு வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் விதிப்படி ஹெல்மெட்டுக்கு இல்லாத பாதியைச் செய்ய வேண்டும். ஹெல்மெட்டுக்கு இல்லாத பாதி தலைதான். அதைச் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு வாரம் ஹெல்மெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அப்புறம் ஒரு நாள் களிமண்ணைப் பிசைந்து, என்ன செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொள்ளாமல், ஒரு ஜோடி வள்ளிச் செருப்பைச் செய்ய ஆரம்பித்தேன். இரண்டு வார் வைத்த சாதா ரப்பர் செருப்பு. ஒன்பதாம் நம்பர். அத்தான் வலது காலை வெளிப்பக்கமாகச் சாய்த்து நடப்பார், அதனால் குதிகால் ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். கட்டைவிரல் பதிந்த இடம் குழிந்திருக்கும். அந்தக் குழியை நான் என் விரலாலேயே அழுத்தி எடுத்தேன். அவர் முகத்தை எடு என்று யாராவது சொல்லியிருந்தால் மூக்கு எப்படி இருக்கும் என்று திணறியிருப்பேன். இருபத்தைந்து வருடம் ஜோக் சொல்லிவிட்டு அவர் சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்க்கத் தைரியம் இல்லாமல் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவர் காலைத்தான் போலிருக்கிறது. அச்சு எடுத்து, சிமெண்ட் ஊற்றி, காய்ந்ததும் அடியைத் தேய்த்தேன். தள்ளி நின்று பார்த்தால் சேறு காய்ந்து வெளுத்த பழைய ரப்பர் செருப்பு மாதிரியே இருந்தது.

செருப்பு என்றால் அக்காவுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய். தெரியும். அவள் அறைக்கு வரமாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் தாண்டினால் அவள் வீட்டை விட்டு நகர்வதில்லை. அத்தான் வருகிற நேரம். காலையில் தையல். வரமாட்டாள்.

வெள்ளை மேடையில் ஹெல்மெட். கீழே தரையில், பார்க்கிறவர்களைப் பார்த்த மாதிரி, ஜோடியாக அந்தச் செருப்பு. மேலேயிருந்து ஒரு விளக்கு. வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். நான் செய்ததிலேயே இதுதான் நன்றாக வந்திருந்தது.

முதல் நாள் எங்கள் சந்தே திரண்டு வந்தது. டிக்கெட் கிடையாது, மழையும் இல்லை. இக்கா தன் சாசரையும் சிமெண்ட் கப்பையும் ஐந்து தடவை படம் எடுத்தார். எதிர்வீட்டு அத்தை தன் வாளியைப் பார்த்து, "வெளக்கெல்லாம் போட்டு... என் வாளிக்கு வந்த வாழ்வைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தவள், ஹெல்மெட் முன்னால் வந்ததும் நின்றுவிட்டாள். செருப்பைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் வைத்திருந்த முல்லைச் சரத்தை எடுத்து, குனிந்து, செருப்பின் மேல் வைத்தாள். கை கூப்பினாள். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு வேகமாக வெளியே போனாள்.

நான் ஓடிப்போய், அத்தை, அது சிமெண்ட், நான் செய்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பூவை எடுத்திருக்க வேண்டும். அதே நேரம் பெரிய கேமராவோடு மூன்று பேர் உள்ளே வந்தார்கள். சாம்பல் நிறச் சிமெண்ட் மேல் அந்த வெள்ளைப் பூ. அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். எனக்கும் பார்க்க அழகாக இருந்தது. எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் பூ அதிகமாக இருந்தது. யாரோ ஓர் ஊதுபத்தி ஏற்றி, வாழைப்பழத்தில் குத்தி வைத்திருந்தார்கள். ஐந்து வருடமாக அக்காவுக்குப் பயந்து அழாமல் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து அழுதுவிட்டுப் போனார்கள். அத்தானோடு லாரி ஓட்டிய ஒருவர் காக்கிச் சட்டையோடு வந்து அரைமணி நேரம் நின்றார். போகும்போது என் தோளைத் தட்டி, "கெடைச்சுதே, அது போதும்" என்றார். சந்து முழுக்க என்ன நம்புகிறது என்று அந்த நிமிடம் புரிந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் அறைக்கு வெளியே வரிசை நின்றது.

நாலாம் நாள் எதிர்வீட்டில் மருமகளுக்கு வளைகாப்பு. அக்கா தான் தைத்த ரவிக்கையோடு போயிருக்கிறாள். எல்லாரும் வளையல் போட்டு முடித்ததும் குங்குமத் தட்டு வந்தது. அக்கா முன்னால் வந்தபோது தட்டு தயங்கவில்லை. நேராக அடுத்தவளிடம் போய்விட்டது.

இதை அவளே பிறகு சொன்னாள். தட்டைப் பிடித்திருந்த பெண்ணின் கையைப் பற்றி, "என்ன?" என்று கேட்டிருக்கிறாள். அந்தப் பெண் எதிர்வீட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை அழுதுகொண்டே சொன்னாள், "எங்ககிட்ட ஏண்டீ மறைக்கணும்? செருப்புதான் கெடைச்சிடுச்சே. பஜார் ரோட்ல ஊரே பார்த்துட்டு வருதே."

அக்கா வளைகாப்பு வீட்டிலிருந்து நேராக நடந்து வந்தாள். பட்டுப்புடவை. கையில் தாம்பூலப் பை. அறைக்குள் வந்ததும் சுக்கு நெடியில் இரண்டு தும்மல். உள்ளே இருந்த நாலைந்து பேரை விலக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தாள். பூவையெல்லாம் ஒதுக்கினாள். செருப்பில் ஒன்றை எடுத்தாள். எடுத்த வேகத்தில் கை கீழே போனது.

"கனமா இருக்கே."

"சிமெண்ட்க்கா."

"சிமெண்டா? நீ செஞ்சதா?"

"ஆமா."

அவள் முகத்தில் அப்போது வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. சிரித்தே விட்டாள். "பாவி. அப்ப கெடைக்கல?"

"கெடைக்கலக்கா."

"எங்கயும் கெடைக்கல?"

"எங்கயும் இல்லை."

செருப்பைத் திருப்பி அடியைப் பார்த்தாள். தேய்ந்த குதிகாலை, விரல் குழியை. குழியில் தன் விரலை வைத்தாள். சிரிப்பு மெதுவாகப் போயிற்று.

"ஹெல்மெட்டுக்கு ஜோடி செருப்பாடா? எந்த ஊர்ல?"

"அது ஒரு... பார்க்க நல்லா இருக்கும்னு."

"நீயும் அவர் செத்துட்டார்னுதான் நெனச்சிருக்கே."

"நான் நெனைக்கறதையெல்லாம் யாருக்கா கணக்குல எடுக்கறாங்க" என்றேன். வாய் ஜோக்கைத் தேடிப் பழகிவிட்டது. அவள் கேட்காத மாதிரி மேலே பேசினாள்.

"அஞ்சு வருஷமா என் வீட்ல உக்காந்து ஆமாக்கா, ஆமாக்கான்னியே. அதெல்லாம் சும்மாவா?"

உள்ளே இருந்தவர்கள் சத்தமில்லாமல் வெளியே நழுவினார்கள்.

"சும்மாதான்க்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். நான் செருப்பை எடுத்துவிடுகிறேன், இப்போதே எடுத்துவிடுகிறேன் என்று குனிந்தேன். கையைத் தட்டிவிட்டாள்.

"எடுத்தா, போலீஸ் வாங்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்வாங்க. இவங்களை எனக்குத் தெரியாதா? இருக்கட்டும். நானே வந்து சொல்லிக்கறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து ஹெல்மெட் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். மடியில் அத்தானின் நம்பர் இருக்கிற ஃபோன். வருகிற ஒவ்வொருவரிடமும் சொன்னாள்: "இது சிமெண்ட். என் தம்பி செஞ்சது. நெஜ செருப்பு கெடைக்கல." தமிழில் சொல்லிவிட்டு மலையாளத்தில் ஒரு தடவை சொல்வாள். வெள்ளைக்காரர்கள் வந்தால் செருப்பைக் காட்டிக் கையை விரித்து, 'நோ' என்பாள். மூடுகிற வரை இருந்தாள். அத்தான் வருகிற நேரத்துக்கு வீட்டில் ஆள் இல்லாமல் போனது அந்த ஐந்து வருடத்தில் அப்போதுதான்.

வெளியூர்க்காரர்கள் அவளையும் சிற்பத்தில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள். உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்மணிதான் மொத்தக் கண்காட்சியிலும் மிகச் சிறந்த பகுதி என்று ஒருவர் வருகையாளர் நோட்டில் எழுதினார். முப்பது வருடத் தொழிலில் எனக்குக் கிடைத்த உச்சபட்சப் பாராட்டு அது, அதுவும் அக்காவுக்குப் போய்விட்டது. அதை நான் அவளிடம் படித்துக் காட்டவில்லை. என்னிடம் அவள் தேவைக்கு மேல் பேசவும் இல்லை. மத்தியானம் இக்கா கடையிலிருந்து சாயாவும் பழம்பொரியும் வாங்கி வைப்பேன். சாயாவை மட்டும் குடிப்பாள்.

சந்துக்காரர்கள் வந்தால் கூடுதலாகச் சொல்வாள். எதிர்வீட்டு அத்தை வந்தபோது செருப்பை அவள் கையில் கொடுத்தே பார்க்கச் சொன்னாள். அத்தை தூக்கிப் பார்த்துவிட்டு, "ஆமாடீ, சிமெண்ட்தான்" என்றாள். என்னை முறைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை அக்கா வீட்டுக்கு ஒரு சிமிழ் குங்குமம் கொடுத்தனுப்பினாளாம்.

இப்படி மூன்று வாரம். ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். கடைசிப் பக்கம் அவள் குரல், பஸ்ஸில் ஸ்டாப் பெயர் சொல்கிற குரல் மாதிரி ஆகிவிட்டது. செருப்பு கெடைக்கல. செருப்பு கெடைக்கல.

முடிய இரண்டு நாள் இருக்கும்போது மீன் விற்கிற ஓர் அம்மா வந்தார். செல்லானம் பக்கத்துக்காரர். எங்கள் சந்துக்கு வருகிறவர் இல்லை. காலை வியாபாரம் முடித்து, காலிப் பாத்திரத்தை வாசலில் கவிழ்த்துவிட்டு, கதவு சும்மா திறந்து இருக்கிறதே என்று உள்ளே எட்டிப் பார்த்தவர். வாளியைப் பார்த்துச் சிரித்தார். ஹெல்மெட் முன்னால் வந்ததும் அக்கா வழக்கம்போல ஆரம்பித்தாள். அந்த அம்மா முழுக்கக் கேட்டார். யார், எப்போது, எந்தப் பாலம் என்று விசாரித்தார். அக்கா எல்லாம் சொன்னாள். செருப்பு இல்லாததால் அவர் குதிக்கவில்லை என்பதையும் சொன்னாள்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்துகொண்டார். அவர் மலையாளத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"என் மகனும் செருப்போடதான் போனான் மோளே."

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் இதைத்தான் சொன்னேன். செருப்பில்ல, அதனால அவன் குதிக்கலன்னு. மூணாம் நாள் புதுவைப்பின் கரையில ஒதுங்கினான்."

"கால்ல இருந்துச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"ஒண்ணு இருந்துச்சு."

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான். எடது."

அக்கா அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த அம்மாவும் கையை விடுவிக்கவில்லை. யாரோ ஒரு வெளியூர்க்காரர் ஃபோனைத் தூக்கியபோது நான் குறுக்கே போய் நின்றேன். இந்த மொத்தக் கதையிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா, "பஸ் போயிடும்" என்று எழுந்தார். அக்கா வாசல்வரை போய் அவர் பாத்திரத்தை எடுத்துத் தலையில் வைக்கக் கை கொடுத்தாள். யாராவது ஒருத்தர் வந்து ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்றுதானே அவள் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தாள். வந்தார். சொன்னார்.

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அடுத்து வந்தவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்து வந்தவர்களிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அக்கா என் பட்டறைக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம் இருந்தது. தாலி இருந்தது. வந்து நின்றபடியே சொன்னாள், "அவருக்குச் செய்யணும். யாருகிட்ட கேக்கணுமோ கேளு."

நம் ஆட்களுக்குக் காரியம் செய்து வைக்கிற ஒருவர் சுள்ளிக்கல் பக்கம் இருக்கிறார். இரண்டு பேரும் போனோம். அவருக்கு விஷயம் தெரியும், யாருக்குத்தான் தெரியாது. உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி, அதைத்தான் உடம்பாக வைத்துத் தீ வைக்க வேண்டும், சாம்பலை ஆற்றில் கரைக்கலாம் என்றார். உருவத்தைத் தானே கட்டிக்கொண்டு வருகிறேன், ஒரு முழ நீளம் போதும் என்றும் சொன்னார்.

"நீங்க கட்ட வேண்டாம்" என்றாள் அக்கா. "இவன் கட்டுவான். இவனுக்கு அதுதானே வேலை."

ஆலுவாவில், ஆற்றங்கரையில், ஒரு காலையில் செய்தோம். நாங்கள் இருவரும் அவரும் மட்டும். சந்தில் யாரையும் அக்கா கூப்பிடவில்லை. நான் மணலில் உட்கார்ந்து புல்லை நனைத்து நீவி, கட்டுக் கட்டாகப் பிரித்தேன். தர்ப்பை விரலை அறுக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உடம்புக்கு ஒரு கட்டு, கைக்கு இரண்டு, காலுக்கு இரண்டு. முடிச்சுப் போட்டுப் படுக்க வைத்தேன்.

அக்கா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தாள்.

"கொஞ்சம் தடியா கட்டுடா. அவர் இவ்வளவு மெலிசு இல்லை."

பிரித்து, இன்னொரு பிடி புல் சேர்த்துக் கட்டினேன்.

"தோளு."

தோளில் சேர்த்தேன்.

"அவ்வளவு வேண்டாம்."

எடுத்தேன். காரியம் செய்கிறவர், "இதெல்லாம் ஒரு ஐதீகத்துக்குத்தாம்மா, அளவெல்லாம் பார்க்க வேண்டாம். நேரமாகுது" என்றார். அக்கா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நீட்டி, வலது கால் கட்டை மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கமாகச் சாய்த்தாள். சாய்த்துவிட்டுக் கையை எடுக்க அவளுக்கு நேரமாயிற்று. நான் காத்திருந்தேன்.

"இப்ப சரியா இருக்கு" என்று சொல்லி, தீப்பெட்டியை எடுத்து என் கையில் வைத்தாள்.